மயிலாப்பூரில் எழுதியதும் அடையாற்றில் பார்த்ததும்

கமலம், ராஜம், சின்னு, மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சென்னப்பட்டணத்தில் பார்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் எழுதி வரச் சொன்னீர்கள். எழுதியிருக்கிறேன். ஆனால் பார்த்ததில் பாதி எனக்கே விளங்கவில்லை. விளங்காததை விளங்கின மாதிரி எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் குழம்பின இடத்தில் குழம்பினேன் என்றே எழுதுகிறேன்.

நான் போன காரியம் உங்களில் மூத்த இருவருக்கும் தெரியும். நம் மலாய் நாட்டுத் தைப்பிங்கில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும். ஆண் வாத்தியாரிடம் அனுப்ப மாட்டோம் என்று பல வீடுகளில் சொல்லிவிட்டார்கள். ஒரு டீச்சரம்மா கிடைத்தால் வகுப்பு உண்டு, கிடைக்காவிட்டால் இந்த வருஷமும் இல்லை. உங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போவதால் கமிட்டியார் இந்த வேலையையும் என் தலையில் வைத்தார்கள். அங்கே சின்னப் பள்ளிக்கூடங்களை எப்படி நடத்துகிறார்கள், யார் யார் படிக்கிறார்கள், எத்தனை பேர் தேறுகிறார்கள் என்றும் பார்த்து வரச் சொன்னார்கள்.

சேரப்போகிற பெண்களின் பட்டியல் என் கோட்டுப் பையில் இருந்தது. ஒன்பது பெயர். கமலமும் ராஜமும் அதில் உண்டு. சின்னு, உன் பெயர் இல்லை. முதல் வருஷம் பார்வையிட வரும் துரைக்கு முன்னால் எல்லாப் பெண்களும் தடங்கல் இல்லாமல் படித்துக் காட்ட வேண்டும், ஆகையால் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களை மட்டும் சேர்ப்பது என்று கமிட்டியில் தீர்மானம் ஆயிற்று. காரியதரிசி என்பதால் தீர்மானத்தை எழுதினவன் நானேதான். உனக்கு எட்டு வயதாகியும் எழுத்துப் பிடிபடவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் அம்மா என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போனாய்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதைப் பற்றி அம்மாவிடம் நேரில் சொல்கிறேன். அது முடிந்து ஒரு வாரம் மாம்பலத்தில் என் சகலை வீட்டில் தங்கினேன். அந்த இடத்துக்கு இப்போது தியாகராய நகர் என்று புதுப்பெயர். தெருக்கள் கோடு போட்டது போல் நேராக இருக்கின்றன, வீடுகள்தான் இன்னும் வந்துசேரவில்லை. பாதி மனைகளில் செங்கல், மீதி மனைகளில் எருமை. தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் குழாய்க்குத்தான் தெரியும் என்றார் சகலை. காலையில் இட்லி வைத்து, அதன்மேல் குளம் போல் சாம்பார் ஊற்றினார்கள். காப்பி நம் ஊரில் போல் கறுப்பாக இல்லை. பாலில் சிக்கரி வாசனையோடு நுரை தளும்பியது. குடித்தபின் ஒரு மணி நேரம் எனக்கு இந்த உலகத்தின்மேல் நல்ல எண்ணம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த நல்ல எண்ணத்தோடு கிளம்பினேன். சகலைக்கு மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரைத் தெரியும். ராயப்பேட்டை வரை நடந்து டிராம் ஏறினேன். லஸ் வருவதற்கு முன்னால், டிராமின் கூரையிலிருந்து மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிற நீளக் கழி நழுவிவிட்டது. வண்டி நின்றது. கண்டக்டர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து, பட்டம் விடுகிறவர் போல் அண்ணாந்து பார்த்தபடி கழியைக் கம்பியில் மாட்டப் பார்த்தார். தெருவில் போனவர்கள் எல்லாரும் வலது இடது என்று யோசனை சொன்னார்கள். உள்ளே ஒரு கிழவர் மட்டும் கண்ணைத் திறக்காமல், தினமும் இந்த இடத்தில்தான் தமக்குத் தூக்கம் வருகிறது என்றார்.

அந்த வட்டாரத்தில் பொதுப் பணத்தில் நடக்கிற சின்னப் பள்ளிக்கூடங்கள் நான்கு. நான்குக்கும் ஒரே சூபர்வைசர், ஒரே பாடப்புத்தகம், ஒரே பரீட்சை. அதில் மயிலாப்பூர்தான் முதல் என்று பேர். போய்ப் பார்த்தபோது சரிதான் என்று தோன்றியது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரைக் கேட்டாலும் எழுந்து கணீரென்று ஒப்பித்தார்கள். சுவரில் ஒரு பலகை மாட்டி, பரீட்சைக்குப் போனவர்கள் இத்தனை, தேறினவர்கள் இத்தனை என்று வருஷவாரியாக எழுதியிருந்தார்கள். எல்லா வருஷமும் இரண்டு எண்ணும் ஒன்றே. நான் இரண்டு தரம் படித்தேன்.

என் கோட்டையும், கமிட்டியின் முத்திரை வைத்த கடிதத்தையும் பார்த்து ஹெட்மாஸ்டர் என்னை மலாய் நாட்டுக் கல்வி அதிகாரி என்று எடுத்துக்கொண்டார். ரயில்வே ஸ்டோர் குமாஸ்தா என்று இரண்டு தரம் சொன்னேன். அது என் அடக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீச்சரம்மா வேண்டும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அடையாற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம், ரெஜினாம்மாள் என்று ஒருத்திதான் டீச்சர். போன வருஷம் அங்கே பரீட்சைக்குப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் தேறவில்லை. சனிக்கிழமை சூபர்வைசர் வந்து பார்த்து அநேகமாக மூடிவிடுவாராம்.

"அவளை நீங்களே அழைச்சுண்டு போங்கோ. எல்லாருக்கும் சௌகரியம்" என்றார்.

பிறகு பார்வையாளர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். தடித்த அட்டை, பக்கங்களுக்கு எண் போட்டது. வந்து போகிற பெரிய மனிதர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதுவார்களாம். நான் எழுதினேன்: பிள்ளைகள் ஒழுங்கு, படிப்பு மேன்மை, ஆசிரியர்கள் கருத்துள்ளவர்கள். ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"'இப்படி ஒரு பாடசாலை இருக்கையில் பக்கத்தில் இன்னொன்று அவசியமில்லை'ன்னு ஒரு வரி சேத்துடுங்கோ. பெரியவா படிச்சா சந்தோஷப்படுவா."

இங்கே புகழ்ந்து எழுதுகிற முறை இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, சொன்னபடி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மையும் நன்றாக ஓடியது.

புதன்கிழமை மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் ஒரு ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர் பெயர் மாணிக்கம். போகிற இடத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, அந்த இஸ்கூலுக்கா? அங்க இன்னா கீதுன்னு போற?"

டீச்சரம்மாவைப் பார்க்க என்றேன். தம் பெண்ணும் அங்கேதான் படிக்கிறது என்றார். வீடு எங்கே என்றால் மந்தைவெளி என்றார். மந்தைவெளிக்குப் பக்கத்தில் மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் இருக்கும்போது ஆற்றுப் பாலம் தாண்டி எதற்கு அனுப்புகிறார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்த நேரம் பாலத்து ஏற்றத்தில் குதிரை நின்றுவிட்டது. வண்டி பின்பக்கம் சாய்ந்தது. "முன்னால வா நைனா, முன்னால வா" என்று கத்தினார். நான் தவழ்ந்து போய் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டேன். பாலம் தாண்டும் வரை நானும் அவரும் குதிரையின் வாலும் ஒரே இடத்தில் இருந்தோம். கேள்வி கீழே விழுந்துவிட்டது.

பள்ளிக்கூடம் என்பது ஆறு கடலோடு சேருகிற பக்கம் ஒரு நீள ஓலைக் கொட்டகை. இடுப்பளவு சுவர். ரெஜினாம்மாள் குப்பத்துக் கிறிஸ்தவர். வெள்ளைப் புடைவை, ஒரு காது நூலால் கட்டின மூக்குக் கண்ணாடி. நான் போனபோது சரியாகப் பத்து மணி. பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிப் பெயருக்கு உள்ளேன் என்று சொல்ல ஆள் இல்லை. இல்லை, இல்லை என்று ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டே போனார். பதினோரு மணிக்கு, கால் நனைந்து, மீன் வாசனையோடு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். கரைக்குக் கட்டுமரம் வந்ததும் கூடை தூக்கிவிட்டு வருகிறார்களாம். ரிஜிஸ்தரை அவர் திறக்கவே இல்லை. வந்துவிட்டார்களே, திருத்தக் கூடாதா என்றேன்.

"பத்து மணிக்குத்தானே கூப்புடச் சொல்லிக்கீறாங்க? பத்து மணிக்கு இல்லை. இல்லாததை இருக்குதுன்னு எப்பிடி எழுதறது?"

இது எனக்கு விளங்கவில்லை. மயிலாப்பூரில் நூற்றுக்கு நூறு வருகை. இங்கே கண்ணெதிரே கொட்டகை நிறைந்திருக்கிறது, ஏட்டில் பாதி காலி.

பிள்ளைகளைப் பார்த்தும் குழப்பம். மீனவர் பிள்ளைகள் இருப்பது நியாயம். வண்ணார் பிள்ளைகள் ஆற்றங்கரை என்பதால் சரி. ஆனால் காதில் தங்கக் கடுக்கன் போட்டு, வெளுத்த சட்டையோடு ஒரு பையன் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தான். மயிலாப்பூர் ஜவுளிக்கடை முதலாளியின் பிள்ளையாம். வெளியே அவன் வீட்டு வேலையாள் டிபன் கேரியரோடு மரத்தடியில் காத்திருந்தார். அவனுக்கு அடுத்தாற்போல், எனக்கு முகம் தெரியாமலே தெரிந்த பெண், ஜட்காக்காரர் மகள். அப்பாவின் மூக்கு அப்படியே.

அந்தப் பெண் ஒரு கட்டையை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தது. உடைந்த கட்டுமரத்தின் துண்டு. அதில் உளியால் எழுத்துக்களைப் பள்ளமாகச் செதுக்கியிருந்தார்கள். கண்ணால் பிடிபடாத பிள்ளைகளுக்கு விரலால் பிடிபடும் என்று ரெஜினாம்மாள் சொன்னார். பெண் பள்ளத்தில் விரலை விட்டு மெதுவாகச் சுற்றி, கடைசியில் "கு" என்றது. சரியாகத்தான் சொன்னது. ஆனால் மயிலாப்பூரில் இந்த நேரத்துக்குள் ஒரு செய்யுளே முடிந்திருக்கும்.

பகல் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் கூழும் வறுத்த நெத்திலியும் கொடுத்தார். நம் ஊரில் மலாய்க்காரர்கள் சோற்றோடு வைக்கிற அதே நெத்திலிதான். கடலுக்கு இந்தப் பக்கமும் அதே மீன் என்பது ஒன்றுதான் அன்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

சாப்பிட்டபின் காரியத்தைச் சொன்னேன். வீடு உண்டு, கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு உண்டு, திங்கட்கிழமை புறப்பாடு. அவர் பட்டியலைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே தகப்பன் பெயர் எழுதியிருந்தது.

"உங்களுக்கு எத்தினி பொண்ணுங்க?"

மூன்று என்றேன்.

"இதுல ரெண்டுதானே கீது?"

தீர்மானத்தை விளக்கினேன். எழுத்துப் பிடிபட்டதும் மூன்றாவதையும் சேர்ப்போம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கோபிக்கவில்லை. சனிக்கிழமை சூபர்வைசர் வந்து போகட்டும், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் வருகிறேன், வேறு எங்கே போகப்போகிறேன் என்று மட்டும் சொன்னார். பட்டியலைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும்போது பாலத்தில் விழுந்த கேள்வியை எடுத்தேன். மாணிக்கம் குதிரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது மைலாப்பூர்லதான் படிச்சிக்கினு இருந்துச்சு. பெரிய பரீட்சைக்கு ஒரு மாசம் கீது, அப்போ இட்டாந்து என் கையில சீட்டைக் குடுத்துட்டாங்க. ஒன் பொண்ணு தேறாது, ஆத்தங்கரையாண்ட சேத்துக்கோன்னு. நான் இன்னா நைனா பண்றது?"

அவர் மகள் மட்டுமல்லவாம். வருஷா வருஷம் பரீட்சைக்கு முந்தின மாசம் ஐந்தாறு பிள்ளைகள் பெயர் நீக்கின சீட்டோடு பாலம் தாண்டுகிறார்கள். கடுக்கன் பையனும் அப்படி வந்தவன்தான். மயிலாப்பூரில் பெயரை அடித்தாயிற்று, ஆகையால் அங்கே யாரும் தோற்பதில்லை. ஆற்றங்கரையில் பெயர் ஏறிவிட்டது, ஆகையால் தோல்வி இங்கே.

வியாழக்கிழமை மூன்றாவது பள்ளிக்கூடம், தியாகராய நகரிலேயே, சகலை வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி. புதுக் கட்டடம், சுண்ணாம்பு வாசனை போகவில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் தெலுங்கு பேசுகிறவர்கள். பக்கத்து மனைகளில் வீடு கட்டுகிற கூலிக்காரர்களின் மக்கள். ஒரு வீட்டுக்குத் தளம் போட்டு முடிந்தால் ஒரு வகுப்பு குறைந்துவிடும் என்றார் அங்கிருந்த வாத்தியார். அவர் ஜன்னல் வழியே எதிர்வீட்டுச் சாரத்தைப் பார்த்த பார்வையில், அந்த வீடு சீக்கிரம் முடியக் கூடாது என்ற வேண்டுதல் தெரிந்தது. நான்காவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒரே புத்தகம், ஒரே பரீட்சை. ஒன்று பிள்ளைகளைச் சலித்து எடுக்கிறது, ஒன்று சலித்ததை வாங்கிக்கொள்கிறது, ஒன்றுக்குச் செங்கல்லைப் பார்த்துத்தான் பிள்ளை. எது நல்ல பள்ளிக்கூடம் என்று கமிட்டிக்கு என்ன எழுதுவது?

சகலையிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, நான் புத்தகத்தில் என்ன எழுதினேன் என்று கேட்டார். சொன்னேன். மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, 'பக்கத்தில் இன்னொன்று அவசியமில்லை'ன்னா எதைச் சொல்றதுன்னு நெனைச்சீங்க? சனிக்கிழமை அந்தப் பக்கத்தைத்தான் சூபர்வைசர்கிட்ட விரிச்சு வைப்பாங்க. வெளிநாட்டு அதிகாரியே எழுதிட்டாருன்னு."

பிள்ளைகளே, இங்கே நான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் எழுதின வரி அப்படியே இருந்தால் ஓலைக் கொட்டகை மூடப்படும், ரெஜினாம்மாள் நம்மோடு கப்பல் ஏறுவார். கமலமும் ராஜமும் படிப்பார்கள், கமிட்டியார் என்னைப் பாராட்டுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். அன்று மீதிப் பகல் முழுக்க அப்படியே இருந்து பார்த்தேன். சாயங்காலம் புதுப் பூங்காவைச் சுற்றி நடந்தேன். நடக்க நடக்க ஒன்றுதான் முன்னால் வந்தது. மயிலாப்பூர் ஹெட்மாஸ்டர் சீட்டில் எழுதினார், நான் தீர்மானத்தில் எழுதினேன். அவர் செய்தது எனக்குக் கோபம் மூட்டியதே, நான் செய்தபோது எனக்கு ஏன் ஒன்றும் தோன்றவில்லை? அது இன்னும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி மயிலாப்பூர் போனேன். அந்த வரியை அடிக்க வேண்டும் என்றேன். எண் போட்ட புத்தகம், அடித்தல் திருத்தல் கூடாது என்றார் ஹெட்மாஸ்டர். மரியாதையாகத்தான் சொன்னார். அப்படியானால் கீழே இன்னொரு குறிப்பு எழுதலாமா என்றேன். கூடாது என்று சட்டம் இல்லை. உட்கார்ந்து எழுதினேன். மை இந்தத் தரம் சரியாக ஓடவில்லை.

"மேலே உள்ளதை நான் அடையாற்றங்கரைப் பள்ளிக்கூடத்தைப் பார்ப்பதற்கு முன் எழுதினேன். இங்கே தேற மாட்டார்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். இரண்டு பள்ளிக்கூடத்துச் சேர்க்கை ஏட்டையும் சேர்த்து வைத்துப் படிக்கக் கோருகிறேன். நான் அதிகாரி அல்ல, ஸ்டோர் குமாஸ்தா."

ஹெட்மாஸ்டர் படித்தார். அவர் முகம் கோபமாக மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. களைப்பாக மாறியது.

"பலகையிலே ஒரு எண் குறைஞ்சா மேலேருந்து கேள்வி வரும், ஸார். இந்தப் பலகை மாட்டறதுக்கு முன்னாலே ஒரு வருஷம் குறைஞ்சுது. எனக்கு ஏற்கெனவே தெரியும் அது எப்படின்னு" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மாணிக்கத்தின் வண்டியிலேயே ஆற்றங்கரைக்குப் போனேன். சூபர்வைசர் மயிலாப்பூர் வழியாகத்தான் வந்தார். கையில் பார்வையாளர் புத்தகமும், அந்தப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கை ஏடும். ஒரு பெஞ்சில் இரண்டு ஏடுகளையும் விரித்து, பெயர் பெயராக விரல் வைத்துப் பார்த்தார். அந்தப் பெண் கட்டையில் எழுத்தைத் தடவுவது போலவே இருந்தது. கடுக்கன் பையனை எழுந்து நிற்கச் சொன்னார். படிக்கச் சொன்னார். அவன் திக்கித் திக்கி நான்கு வரி படித்தான். நாலாவது வரி முடிந்ததும் வெளியே மரத்தடியில் வேலையாள் எழுந்து நின்றுவிட்டார். வீட்டில் அவன் இதுவரை ஒரு வரி படித்துக் கேட்டதில்லையாம்.

சூபர்வைசர் யாரையும் புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த பரீட்சை வரை இது இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு போனார்.

அப்படியானால் எனக்கு டீச்சரம்மா இல்லை. ரெஜினாம்மாள் உள்ளே போய் மைக்கூட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"அந்தப் புள்ளை பேரு இன்னா?"

"சின்னம்மாள்" என்றேன்.

பட்டியலை விரித்தேன். கடைசிப் பெயருக்குக் கீழே கமிட்டியாரின் கையெழுத்துக்கள் நெருக்கமாக இருந்தன. இடம் இல்லை. மேலேதான் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே எழுதினேன். கமிட்டியில் கேட்டால், தீர்மானத்தை எழுதினவனே திருத்தினான் என்று சொல்லிக்கொள்கிறேன். கிளம்பும்போது அந்தக் கட்டுமரத் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். வண்டியில் அதை மடியில் வைத்திருந்தேன். பாலத்து ஏற்றத்தில் மாணிக்கம் சொல்வதற்கு முன்பே முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இதைக் கப்பல் தளத்தில் இருந்து எழுதுகிறேன். டீச்சரம்மாவை அழைத்து வரவில்லை என்று தெரிந்தால் கமலத்தின் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அழாதே அம்மா. ஒரு டீச்சர் கிடைக்கும் வரை, டியூட்டி முடிந்து சாயங்காலம் நம் வீட்டுக் கூடத்திலேயே வகுப்பை வைத்துக்கொள்வோம். அம்மாவும் கூட உட்கார்ந்திருப்பாள், ஆகையால் மற்ற வீட்டுக்காரர்களும் பெண்களை அனுப்ப மறுக்க மாட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் தொடங்குவதற்கு அது போதும்.

சின்னு, பட்டியலில் உன் பெயர்தான் முதலில் இருக்கிறது. பெயர் கூப்பிடும்போது முதலில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். 'உள்ளேன் ஐயா' என்று உரக்கச் சொல்லப் பழகி வை. ஐயா நான்தான்.